நெல் காயும் ரோட்டில் அடாஸ்: ஓட்டுநர்கள் செய்யும் தவறுகள்

"அடாஸ் இருக்கு, வண்டியே பார்த்துக்கும்" என்பதுதான் முதல் தவறு. கேமராவும் ரேடாரும் வைத்து ஓட்டுநருக்கு உதவும் வசதிகளுக்குத்தான் அடாஸ் (ADAS) என்று பெயர். தானியங்கி ஓட்டத்தை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். இங்கே ஷோரூமில் அடாஸ் என்று விற்பது அதிகபட்சம் 2-ஆம் நிலை. வேகத்தையும் ஸ்டீயரிங்கையும் கார் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளும். ரோட்டைப் பார்ப்பது முழுக்க நம் வேலை.

டெல்டாவில் அந்த வேலை அதிகம். குறுவை, சம்பா அறுவடை சமயத்தில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பாதி ரோடு களமாகிவிடும். நாலு விரல் உயரத்துக்குப் பரப்பிய நெல்லை ரேடார் ஒரு பொருளாகவே எடுத்துக்கொள்ளாது. வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாக வைத்த செங்கல்லையும் நம்பிக்கையாகப் பிடிக்காது. நெல் வெள்ளைக் கோட்டை மூடிவிட்டால் கேமராவுக்கு லேன் தெரியாது. இதைவிட மோசம் அடுத்தது: நெல்லை விட்டு விலக, இண்டிகேட்டர் போடாமல் வலது பக்கம் ஒடிக்கிறீர்கள். கோடு தாண்டுகிறது என்று நினைத்து, காரை லேனுக்குள் வைத்திருக்கும் லேன் உதவி ஸ்டீயரிங்கை இடது பக்கம், அதாவது நெல் மேலேயே, இழுக்கும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் நம் கைக்குத்தான் அடங்கும். ஆனால் திடுக்கிட்டு விடுபவர்கள் உண்டு. விலகும்போதெல்லாம் இண்டிகேட்டர் போடுங்கள். இருவழிச் சாலையில் லேன் உதவியை அணைத்து வைப்பதே மேல்.

முன் வண்டியோடு இடைவெளி விட்டு வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் குரூஸை நம்பி, முன்னால் போகும் பஸ்ஸைப் பின்தொடர்வது அடுத்த தவறு. கொள்முதல் நிலைய வாசலில் டெயில் லைட் இல்லாத டிராக்டர் நிற்கிறது. பஸ் கடைசி நொடியில் ஒதுங்குகிறது. முன்னால் இடம் காலி என்று கார் வேகம் எடுக்கப் பார்க்கும். பாலம், பெயர்ப்பலகை எதற்கெல்லாமோ பிரேக் போடக்கூடாது என்பதற்காக, நகராத பொருளின் எதிரொலியைப் பல ரேடார்கள் பெரிதாக மதிப்பதில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். தானாகப் பிடிக்கும் பிரேக் கடைசி நேரத்தில் வேகத்தைக் குறைக்குமே தவிர, எப்போதும் நிறுத்திவிடாது. இடைவெளியை அதிகபட்சத்தில் வையுங்கள். ஊர் எல்லைப் பலகை கண்டதும் குரூஸை விடுங்கள். பெயின்ட் அடிக்காத வேகத்தடை அதற்குத் தெரியாது. ஆற்றங்கரை வளைவில் முன் வண்டி ரேடாரின் பார்வையிலிருந்து நழுவினாலும் இதே கதைதான்.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு இரவில் நடப்பவர்கள், மார்கழிப் பனி, எதிர் லைட் கூச்சம்: இந்த மூன்றிலும் கேமரா தடுமாறும். அப்போது நாமே ஓட்டுவதுதான் சரி.

ஆயுத பூஜைக்குக் கட்டிய மாலையும் வாழைக்கன்றும் முன் கிரில்லில் உள்ள ரேடாரை மறைக்கும். கண்ணாடியின் மேல்பகுதியில், கேமராவுக்கு முன்னால் ஸ்டிக்கரோ சந்தனமோ கூடாது. முன் கண்ணாடியை மாற்றினால், கேமராவைத் திரும்ப அளவீடு செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

கையை எடுத்தால் அடிக்கும் எச்சரிக்கையை ஏமாற்ற ஸ்டீயரிங்கில் தண்ணீர் பாட்டிலைச் செருகுவது தற்கொலைக்குச் சமம்.

விபத்து நடந்தால் "வண்டி பிரேக் போடலைங்க" என்று சொல்லித் தப்ப முடியாது. ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் மேல்தான் வழக்கு வரும். அஜாக்கிரதையால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. ஆபத்தாக ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவு தனி. கண்காணிக்க வேண்டியது ஓட்டுநரே என்று காரோடு தரும் கையேட்டிலும் எழுதியிருக்கும். வண்டி எடுத்த அன்றே அந்தப் பக்கங்களைப் படித்துவிடுங்கள்.