80-களின் காதல் பாட்டுகளை வைத்து வீட்டில் வினாடி வினா நடத்துவது எப்படி

அக்காவுக்குக் கல்யாணமாகி 25 வருஷம் ஆனதைக் கொண்டாட மொட்டை மாடியில் பந்தல் போட்டு, சொந்தக்காரர்கள் முப்பத்தைந்து பேரைக் கூப்பிட்டிருந்தோம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் எல்லாரையும் உட்கார வைக்கும் வேலை என்னிடம் வந்தது. அந்தாக்ஷரி எங்கள் வீட்டில் அலுத்துப் போய்விட்டது, அதனால் 80-களில் வந்த காதல் பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு வினாடி வினா தயார் செய்தேன். நன்றாகவே நடந்தது, ஒரே ஒரு கேள்வியைத் தவிர. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. எல்லையை முதலில் சொல்லிவிடுங்கள்

1980 முதல் 1989 வரை, படம் வெளியான வருஷக் கணக்கு. இதைப் போட்டி தொடங்கும் முன்பே மைக்கில் சொல்லிவிடுங்கள். நம் மனதில் 80-கள் என்று பதிந்திருக்கும் பாட்டுகளில் பாதி அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போய்விடும். ‘செந்தூரப்பூவே’, ‘வான் நிலா நிலா அல்ல’ இரண்டும் 1977. ‘தளபதி’, ‘இதயம்’ இரண்டும் 1991. இதில் இன்னொரு சிக்கல், ‘செந்தூரப்பூவே’ என்ற பெயரில் 1988-இல் தனியாக ஒரு படமே இருக்கிறது. வெறுமனே பெயரைச் சொன்னால் ஒருவர் பாட்டை நினைப்பார், ஒருவர் படத்தை நினைப்பார்.

2. கேள்வி பாட்டைப் பற்றியதா, படத்தைப் பற்றியதா?

நான் சறுக்கியது இங்கேதான். ‘சங்கத்தில் பாடாத கவிதை’ பாட்டின் ஆரம்பத்தைப் போட்டுவிட்டு, “இந்தப் படத்துக்கு இசை யார்?” என்று கேட்டேன். ஒரு அணி “இளையராஜா” என்றது, என் தாளிலும் அதுதான் இருந்தது, மதிப்பெண் போட்டுவிட்டேன். பின் வரிசையிலிருந்து சித்தப்பா எழுந்தார். “ஏம்ப்பா, ஆட்டோ ராஜாவுக்கு சங்கர் கணேஷ்ல மியூசிக்கு?” என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. 1982-இல் வந்த ‘ஆட்டோ ராஜா’வுக்கு இசை சங்கர் கணேஷ், ஆனால் இந்த ஒரு பாட்டு மட்டும் இளையராஜாவுடையது. நான் பாட்டைப் பற்றித் தேடி வைத்திருந்த பதிலுக்குப் படத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்டிருக்கிறேன். பத்து நிமிஷம் வாக்குவாதம் நடந்தது, கடைசியில் இரண்டு அணிக்கும் மதிப்பெண் கொடுத்து முடித்தேன்.

அதற்கப்புறம் என் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ‘பா’ அல்லது ‘ப’ என்று ஒரு எழுத்து போட்டுவிடுகிறேன். ‘பா’ என்றால் பாட்டைப் பற்றிய கேள்வி, ‘ப’ என்றால் படத்தைப் பற்றியது. ‘பா’ என்று போட்ட கேள்வியில் “படம்” என்ற சொல்லே வரக்கூடாது.

எழுதியவர் யார் என்று கேட்கும்போது இது இன்னும் முக்கியம். அந்தக் காலத்துப் படங்களில் இரண்டு மூன்று கவிஞர்கள் எழுதியிருப்பார்கள், டைட்டில் கார்டில் எல்லார் பெயரும் வரிசையாக வரும், யார் எந்தப் பாட்டு என்று இருக்காது. ‘அந்த 7 நாட்கள்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981, இசை எம்.எஸ்.விஸ்வநாதன். ‘தென்றலது உன்னிடத்தில்’ கண்ணதாசன் எழுதியது. ‘கவிதை அரங்கேறும் நேரம்’ குருவிக்கரம்பை சண்முகம் எழுதியது. எங்கள் வீட்டில் மூன்று அணியுமே இரண்டாவதற்கும் கண்ணதாசன் என்றுதான் சொன்னார்கள்.

சரிபார்க்க என் வழி: படத்தைப் பற்றியது என்றால் படத்தின் டைட்டில் கார்டைப் பாருங்கள். பாட்டைப் பற்றியது என்றால் பழைய இசைத்தட்டு அல்லது கேசட் உறையைத் தேடுங்கள், நிறையப் பேர் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பாட்டு வரிகள் போடும் தளங்களை நான் கடைசியில்தான் பார்ப்பேன். ஒரு தளத்தில் இருக்கும் தப்பு எழுத்துப்பிழையோடு அப்படியே பத்துத் தளத்தில் இருக்கும், அதைப் பார்த்துப் பத்துப் பேர் சொல்கிறார்களே என்று நம்பிவிடக் கூடாது.

3. நல்ல கேள்விக்குச் சில மாதிரி

நினைவை மட்டும் சோதிக்காமல், கேட்டதும் கொஞ்சம் யோசிக்க வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் எடுபட்டவை இவை.

‘கண்ணே கலைமானே’ வந்த ‘மூன்றாம் பிறை’ வெளியானது 1982-இல். அந்தப் பாட்டை எழுதியவர் 1981 அக்டோபரிலேயே காலமாகிவிட்டார். யார்? கண்ணதாசன். இதைக் கேட்டதும் அத்தை பதிலைச் சொல்லவில்லை, அப்படியே பாடவே ஆரம்பித்துவிட்டார். இது காதல் பாட்டா, தாலாட்டா என்று யாராவது கேட்பார்கள், என்னைக் கேட்டால் இரண்டும்தான்.

சின்னவர்களுக்கு இந்தி வழியாகப் போங்கள். ‘இளைய நிலா பொழிகிறதே’ மெட்டு 1983-இல் கிஷோர் குமார் குரலில் ‘நீலே நீலே அம்பர் பர்’ ஆனது. ‘சங்கத்தில் பாடாத கவிதை’யின் மெட்டு அதே 1982-இல் மலையாளத்தில் ‘ஓளங்கள்’ படத்தில் ‘தும்பீ வா’ என்றும், 2009-இல் இந்தியில் ‘பா’ படத்திலும் இருக்கிறது. மூன்றையும் ஐந்தைந்து விநாடி அடுத்தடுத்துப் போட்டால் பந்தலே அமைதியாகிவிடும்.

4. பாட்டை வெட்டுவது

கைபேசியில் வெட்டும் செயலிகள் வேண்டவே வேண்டாம், நடுவில் விளம்பரம் வரும், வெட்டின இடமும் துல்லியமாக இருக்காது. கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். வேண்டிய இடத்தை மவுஸால் தேர்ந்தெடுத்து ஏற்றுமதி செய்தால் போதும், கடைசி அரை விநாடிக்கு ஃபேட் அவுட் (சத்தம் மெல்லக் குறைந்து மறைவது) கொடுங்கள்.

ஆரம்ப இசை என்றால் 5 முதல் 7 விநாடி. ஆனால் ஆரம்ப இசை எல்லாருக்கும் தெரியும், இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையில்தான் ஆட்டம் சூடு பிடிக்கும், அதற்கு 12 விநாடி விடுங்கள். கிடார் ஆரம்பத்துக்கு ‘இளைய நிலா’வையும் ‘என் இனிய பொன் நிலாவே’யையும் (மூடுபனி, 1980, ஜேசுதாஸ்) பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் கிடார், இரண்டிலும் நிலா, அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிடுவார்கள்.

கோப்புக்குப் பாட்டின் பெயரை வைக்காதீர்கள், 01, 02 என்று எண் மட்டும். ஆனால் அது போதாது. ஒத்திகையின்போது விஎல்சி பிளேயரில் போட்டேன், டிவியோடு இணைத்திருந்தேன், கோப்பின் பெயர் 04 என்றுதான் வைத்திருந்தேன், ஆனாலும் திரையில் பாட்டுப் பெயரும் படப் பெயரும் பளிச்சென்று வந்தன. எம்பி3 கோப்புக்குள்ளேயே அந்த விவரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆடாசிட்டியில் ஏற்றுமதி செய்யும்போது மெட்டாடேட்டாவைத் திருத்தும் பெட்டியைத் திறந்து, அதில் க்ளியர் அழுத்தி எல்லாவற்றையும் காலி செய்துவிட்டுச் சேமியுங்கள்.

5. ஸ்பீக்கர்

வயர் போட்டு இணைப்பதுதான் நல்லது. புளூடூத் ஸ்பீக்கர் சும்மா இருந்துவிட்டு விழித்துக்கொள்ளும்போது முதல் அரை விநாடியை விழுங்கிவிடும், 5 விநாடித் துண்டில் அது பெரிய இழப்பு. வேறு வழியில்லை என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 2 விநாடி மௌனம் சேர்த்துவிடுங்கள், ஆடாசிட்டியிலேயே செய்யலாம்.

6. அணி பிரிப்பது

ஒவ்வொரு அணியிலும் அந்தக் காலத்தில் கல்லூரியில் படித்த ஒருவராவது, 2000-க்குப் பிறகு பிறந்த ஒருவராவது இருக்கட்டும். கேள்வி 20 போதும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒரு வாசகி தன் வீட்டில் நடத்தியிருக்கிறார். முதல் சொல்லை மட்டும் சொல்லிப் பாட்டைக் கண்டுபிடிக்கும் சுற்றில் “பூங்காற்று” என்று கொடுத்தாராம். ஒரு அணி ‘பூங்காற்று திரும்புமா’ (முதல் மரியாதை, 1985), ஒரு அணி ‘பூங்காற்று புதிதானது’ (மூன்றாம் பிறை) என்று எழுதியிருக்கிறது. இரண்டும் 80-கள், இரண்டும் சரி. இந்தச் சுற்றுக்கு இரண்டு சொல் கொடுங்கள், “பூங்காற்று திரும்புமா” என்று முழுசாகச் சொன்ன பிறகு, அந்தப் பாட்டுக்குத் தேசிய விருது வாங்கியவர் யார் என்று கேளுங்கள். வைரமுத்து.

இன்னொரு பிற்சேர்க்கை: பதில் வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டால் கூட்டத்துக்குக் கோபம் வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் “இருப்பா, பல்லவி முடியட்டும்” என்று மாமா கையைப் பிடித்துக்கொண்டார். அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். 07அ என்பது கேள்விக்கான துண்டு, 07ஆ என்பது பல்லவி முழுவதும். அப்படி நேரம் கூடும் என்பதால் 20 கேள்விக்கு ஒரு மணி நேரம் போதாது, ஒன்றரை மணி வைத்துக்கொண்டு சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.