வேலை நேரத்துக்குப் பின்னணி இசை: எதைப் போடலாம், எதை நிறுத்தலாம்?

கவனத்துக்கான இசை என்று யூடியூபில் தேடினால் மணிக்கணக்கில் ஓடும் வீடியோக்கள் வந்து குவியும். ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒருநாள் வேலை மளமளவென்று ஓடும். மறுநாள் அதே இசை எரிச்சலைக் கிளப்பும். பெரும்பாலும் அன்று கையில் இருக்கும் வேலை வேறாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் இசையைத் தேடும் முன் வேலையைப் பாருங்கள்.

படி 1: இது சொல் வேலையா, கை வேலையா?

எழுதுவது, படிப்பது, மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது எல்லாம் சொல் வேலை. எக்செல்லில் விவரம் ஏற்றுவது, கோப்புகளை ஒழுங்குபடுத்துவது, படங்களை ஒரே அளவுக்கு வெட்டுவது போன்றவை கை வேலை. கை வேலைக்குப் பிடித்த பாட்டையே தாராளமாகப் போடலாம். 1940இல் பிபிசி வானொலி தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கென்றே ஓர் இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதுவும் நாள் முழுக்க ஓடவில்லை; ஒரு நாளைக்கு இரண்டு முறை, தலா அரைமணி நேரம்தான். அலுப்புத் தட்டும் நேரத்தில் மட்டும் இசை என்கிற அந்த முறை இன்றைக்கும் பொருந்தும்.

முற்றிலும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறீர்களா? என்னைக் கேட்டால் அப்போது எதுவும் வேண்டாம்.

படி 2: சொல் வேலைக்குப் பாட்டு வேண்டாம்

சலாமே, பேட்லி என்ற இரு உளவியலாளர்கள் 1989இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் வரும் எண்களை வரிசை மாறாமல் நினைவில் வைக்கச் சொன்னார்கள். வாத்திய இசை ஒலித்தபோது வந்த தடுமாற்றத்தைவிட வாய்ப்பாட்டு ஒலித்தபோது தடுமாற்றம் அதிகம். புரியாத மொழிப் பாட்டு என்றால் பரவாயில்லையே என்று தோன்றும். 1976இலேயே வந்த இன்னோர் ஆய்வில், ஜெர்மன் தெரியாதவர்களின் காதில் ஜெர்மன் வாசிப்பை ஒலிக்க விட்டபோதும் நினைவு தடுமாறியது. மனிதக் குரல் என்றாலே மூளை ஒரு காதை அந்தப் பக்கம் வைத்துவிடுகிறது.

இதில் ஒரு கள்ள வழியும் உண்டு: தெரிந்த சினிமாப் பாட்டைப் புல்லாங்குழலிலோ கிட்டாரிலோ வாசித்த பதிவு. குரல்தான் இல்லையே என்று போடுவோம். பல்லவி முடிந்து இடையிசை ஓடும்போதே மனம் சரணத்தின் முதல் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். விரல் கீபோர்டில் அப்படியே நிற்கும். முன்பின் கேட்டிராத வாத்திய இசைதான் பாதுகாப்பு. சங்கீதம் கற்றவர்கள் பாடு இன்னும் கஷ்டம், ஆலாபனை தொடங்கினால் ராகத்தைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார்கள்!

படி 3: இழுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

ஆம்பியன்ட் (சூழலோடு கலந்து மெல்ல ஒலிக்கும் இசை), லோ-ஃபை (மெதுவான தாளத்தில் சற்றே மங்கலாக ஒலிக்கும் இசை), நிதானமான தனிப் பியானோ, வீடியோ கேம்களின் பின்னணி இசை ஆகியவற்றில் தொடங்கலாம். 1978இல் ஆம்பியன்ட் என்ற பெயரை முன்வைத்த ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ, அந்த இசை கவனித்தால் சுவையாகவும் அதே அளவுக்குக் கவனிக்காமல் விடத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்றார். இதைச் சோதிக்க எளிய வழி: பாட்டின் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடங்களுக்கு இழுத்துச் சில விநாடிகள் கேளுங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் திடீரென்று டிரம்ஸ் வெடித்தால் தள்ளிவிடுங்கள்.

பக்கத்தில் பேச்சுச் சத்தம்தான் தொல்லை என்றால் இசைகூடத் தேவையில்லை, ஒரே சீராக ஓடும் இரைச்சலே போதும். வெள்ளை இரைச்சல் 'உஸ்' என்று சீறும். பழுப்பு இரைச்சலில் தாழ்ந்த ஒலிகள் மிகுதி. தூரத்து அருவிபோல் இருப்பதால் காதுக்கு இதம். மழைச் சத்தமும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும்.

படி 4: பட்டியலை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

வேலைக்கு நடுவே அடுத்த பாட்டைத் தேடப் போனால் அரைமணி நேரம் காலி. ஐம்பது நிமிடத்துக்கு ஒரு பட்டியல் போட்டு, டவுன்லோட் செய்து வையுங்கள். ஆட்டோபிளேயை அணைத்துவிட்டால் இசை நிற்கும்போது எழுந்து நடக்கலாம். விளம்பரம் குறுக்கிடும் ஆப் இதற்குச் சரிப்படாது.

ஒலியளவு, யாராவது சாதாரணக் குரலில் கூப்பிட்டால் கேட்கும் அளவுக்கு இருந்தால் போதும். பெரியவர்களுக்கு 80 டெசிபெல் ஒலி வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. வேலை நேரம் முழுக்க ஹெட்போன் மாட்டுகிறவர் அதற்கு வெகுவாகக் கீழே இருப்பது நல்லது.

படி 5: உற்சாகத்தையும் வேலையையும் தனித்தனியாகப் பாருங்கள்

மேற்கத்தியச் செவ்விசை மேதை மோட்சார்ட்டின் இசையைக் கேட்டால் அறிவு கூடும் என்ற பேச்சு 1993இல் வந்த ஒரு சிறிய ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் தெரிந்த பலன் வடிவங்களைக் கையாளும் ஒருவகைச் சோதனையில் மட்டும்தான். அதுவும் கால்மணி நேரம்கூட நிலைக்கவில்லை. அதற்குக் காரணம் இசை தந்த உற்சாகமே என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அந்த உற்சாகத்தை நாமும் பயன்படுத்திக்கொள்ளலாம்: பிடித்த பாட்டை வேலைக்கு முன் பத்து நிமிடம் நன்றாகக் கேட்டுவிட்டு, அப்புறம் நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

ஒரே மாதிரியான வேலையை ஒருநாள் இசையோடும் ஒருநாள் இசையில்லாமலும் செய்து, எத்தனை பக்கம் முடிந்தது, எத்தனை பிழை வந்தது என்று குறித்துப் பாருங்கள். இசை ஓடும்போது வேலை நன்றாக நடப்பதுபோல் தோன்றும். தாளில் இருக்கும் எண் சில நேரம் வேறு கதை சொல்லும். எந்தப் பட்டியலும் நாளடைவில் மனப்பாடமாகிவிடும் என்பதால், வாய் முணுமுணுக்க ஆரம்பித்ததும் அதைக் கை வேலைப் பட்டியலுக்கு மாற்றிவிட்டுப் புதிதாக ஒன்று போடுங்கள்.