குற்றவாளி சுவர்தான்

25 மீட்டர் நீச்சல் குளத்தில் 400 மீட்டரை எட்டரை நிமிடத்தில் முடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தைரியத்தில் வேளச்சேரி 50 மீட்டர் குளத்தில் இறங்கினால், பாதி தூரத்திலேயே தோள் கல்லாய்க் கனத்தது. ஒன்பது நிமிடம் தாண்டிவிட்டது!

மூச்சைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கணக்குப் போட்டதும் புரிந்தது: 400 மீட்டருக்குச் சின்னக் குளத்தில் 15 திருப்பம், பெரியதில் 7தான். சுவரை உதைக்கும் ஒவ்வொரு முறையும் சில மீட்டர் சும்மா கிடைக்கும், கைக்கும் நொடிநேர ஓய்வு. (எங்கள் அபார்ட்மென்ட் குளம் 12 மீட்டர். அங்கே நீந்துவதைவிடத் திரும்புவதே அதிகம்.)

சனி, ஞாயிறு பெரிய குளத்தில் 100 மீட்டராக எட்டு முறை, நடுவே 20 நொடி ஓய்வு என்று மாற்றினேன். வார நாளில் 25 மீட்டர் குளம். வேகமும் திருப்பமும் மட்டும். ஆறு வாரத்தில் பெரிய குளத்திலும் 400 மீட்டர் எட்டு நிமிடம் நாற்பது நொடி. நோட்டில் இப்போது இரண்டு குளத்துக்கும் தனித்தனிப் பக்கம்.