ஜெலட்டின் தகட்டில் இலை அச்சு: இரண்டாவது தாளை எடுக்கும் முறை

லைனோலியம் என்னும் மென்மையான தரைவிரிப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்துப் பழகியவர்களுக்கு, எடுத்த தாள்கள் எல்லாம் ஒன்றுபோல வந்தால்தான் வேலை சரியாக நடந்தது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஜெலட்டின் தகட்டில் எடுக்கும் மோனோபிரிண்ட், அதாவது ஒவ்வொரு தாளும் வேறுவேறாக வரும் அச்சு, அந்தக் கணக்குக்குள் அடங்காது. வண்ணம், அழுத்தம், நேரம் ஆகியவற்றை நாம் முடிவு செய்யலாம். தாளில் என்ன ஏறியிருக்கிறது என்பது தாளைத் தூக்கிய பிறகே தெரியும். அச்சு இயந்திரம் வேண்டியதில்லை, மட்டமான மேசை ஒன்று போதும்.

முதலில் தகடு. 20க்கு 25 செ.மீ. அளவுள்ள, அடி மட்டமான தட்டு ஒன்றுக்குச் சுவையூட்டப்படாத ஜெலட்டின் தூள் சுமார் 85 கிராம், கிளிசரின் 350 மி.லி., தண்ணீர் 350 மி.லி. தேவைப்படும். தூளைக் கிளிசரினில் கட்டியில்லாமல் கலந்து, தண்ணீரையும் சேர்த்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். கொதிக்க விடக் கூடாது. தட்டில் ஊற்றியதும் மேலே நுரை திரளும். செய்தித்தாளை நீளவாக்கில் கிழித்து, அதன் ஓரத்தால் பரப்பை ஒருமுறை வழித்தால் குமிழிகள் தாளோடு வந்துவிடும். கிளிசரின் இல்லாத ஜெலட்டின் 35 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே இளகிவிடும் என்பதோடு சில நாட்களில் பூஞ்சையும் பிடித்துவிடும் என்பதால், நம் ஊர் வெயிலுக்குக் கிளிசரினைக் குறைக்க வேண்டாம். தகட்டில் கீறல் விழுந்தால் உருக்கி மீண்டும் வார்த்துக்கொள்ளலாம்.

தகட்டில் வண்ணம் பூசும் உருளையைப் பொறுத்தவரை மென்மையான ரப்பர் உருளையையே பரிந்துரைப்பேன். ஸ்பாஞ்சு உருளை வண்ணத்தைக் குடித்துவிட்டுப் புள்ளிகளைத்தான் விட்டுச் செல்லும். அக்ரிலிக் வண்ணம் மாணவர் தரத்தில் இருந்தாலே போதும். தாள் 120 முதல் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) வரை, பளபளப்புப் பூச்சு இல்லாததாக இருக்கட்டும், ஏனெனில் பூச்சுத் தாள் தகட்டோடு ஒட்டிக்கொண்டு பரப்பைப் பிய்த்துவிடும். பட்டாணி அளவு வண்ணத்தை இரண்டு மூன்று இடங்களில் வைத்து உருட்டுங்கள். உருளை ஓடும்போது ஒட்டிப் பிரியும் மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். சத்தமின்றி வழுக்கிக்கொண்டு போனால் வண்ணம் அதிகம் என்று பொருள்.

பூவரசு, அரசு போன்ற நரம்போட்டமுள்ள இலைகளின் காம்பை நறுக்கிவிட்டு, நரம்பு புடைத்த பக்கம் வண்ணத்தில் படும்படி வையுங்கள். மேலே ஒரு தாளை வைத்து உள்ளங்கையால் தேய்த்துத் தூக்கினால், இலை இருந்த இடம் வெறுமையாகவும் சுற்றிலும் வண்ணமாகவும் முதல் பதிவு கிடைக்கும். பலர் இத்துடன் தகட்டைக் கழுவிவிடுகிறார்கள். கழுவாதீர்கள். இலையை இடுக்கியால் மெதுவாக எடுத்துப் பார்த்தால், அதன் அடியில் சிக்கியிருந்த வண்ணத்தில் கிளை நரம்புகள்கூடத் தெளிவாகப் பதிந்திருக்கும். அதன்மேல் வைக்கும் இரண்டாவது தாளுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

சிக்கல் வரும் இடமும் இதுதான். மே மாதப் பகலில், இலையை எடுத்து முடிப்பதற்குள் வண்ணம் காய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் அதே வண்ணம் ஈரமாகவே கிடந்து நரம்புகளை மழுக்கிவிடும். உலர்வைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் திரவத்தில் சில துளிகள் சேர்க்கலாம், மின்விசிறியை அணைத்துவிடலாம். ஆயினும் முழுதாகக் காய்ந்துபோன பதிவையே நான் அதிகம் விரும்புகிறேன். அதன்மேல் வெளிர் மஞ்சள் போன்ற வேறொரு வண்ணத்தை மிக மெல்லியதாக உருட்டித் தாளை வைத்து, புத்தகம் ஒன்றைப் பாரமாக ஏற்றிச் சில நிமிடங்கள் விட்டுவிட்டால், ஈர வண்ணம் அடியிலிருக்கும் காய்ந்த படலத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். முந்தைய அச்சுகளின் மிச்சங்கள் தகட்டில் இருந்தால் அவையும் ஏறும். எது எங்கே ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. இடையில் மூலையைத் தூக்கிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள், தாள் நகர்ந்தால் நரம்புகள் இரட்டையாகிவிடும்.

மங்கலாக வரும் தாள்களையும் எறிய வேண்டாம். 1870களின் நடுப்பகுதியிலிருந்து மோனோடைப்பில் (தகட்டில் நேரடியாக வரைந்து எடுக்கும் ஒற்றை அச்சு) ஈடுபட்ட பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகா, ஒரே தகட்டிலிருந்து இரண்டாவது தாளையும் எடுத்து, அந்த மங்கலான பதிவின்மேல் பாஸ்டல் எனும் வண்ணக்கட்டியால் தீட்டிப் பல படைப்புகளை முடித்தார். அக்ரிலிக் பதிவின்மேல் பாஸ்டலைவிட வண்ணப் பென்சில் நன்றாகப் பிடிக்கிறது. கையொப்பமிடும்போது, இது ஒரே பிரதி என்பதைக் காட்ட 1/1 என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவதால், அதற்கு மாற்று உண்டா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். மளிகைக் கடைகளில் சைனா கிராஸ் என்ற பெயரில் கிடைக்கும் கடற்பாசியைக் காய்ச்சி ஊற்றலாம். அது வெயிலுக்கு உருகாது, ஆனால் வளைந்து கொடுக்காமல் உடையும் தன்மையுடையது. ஆகவே தட்டிலிருந்து வெளியே எடுக்காமல், விளிம்புவரை நிரம்பும்படி ஊற்றி, தட்டிலேயே வைத்து அச்செடுங்கள். விரிசல் விட்டாலும் அது வெள்ளைக் கோடாகப் பதியுமே தவிர வேலை நிற்காது.