சொந்த யூனிட் போடுவதா, கம்பெனியிலேயே இருப்பதா: ஒரு திருப்பூர்க் கணக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சில வருஷம் சூப்பர்வைசராக இருந்துவிட்டால், வெளியே வந்து சொந்தமாகத் தையல் யூனிட் போடலாமா என்ற யோசனை வராமல் இருக்காது. பீஸுக்குக் கம்பெனி வெளியே என்ன ரேட் கொடுக்கிறது என்று தெரியும், டெய்லருக்கு எவ்வளவு போகிறது என்று தெரியும், நடுவில் நிற்கிற காசை நாமே எடுத்தால் என்ன என்று தோன்றும். தப்பே இல்லை, இந்த ஊர் அப்படித்தான் வளர்ந்தது. ஆனால் லாபக் கணக்கை எல்லோரும் போடுகிறார்கள், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. ஆளைக் கவிழ்ப்பது தேதிக் கணக்குதான்.

அதாவது, தையல் யூனிட்டில் சம்பளம் சனிக்கிழமை. பார்ட்டி, அதாவது உங்களுக்குத் தைக்க வேலை கொடுக்கிற கம்பெனி, செக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சனிக்கிழமை சாயங்காலம் காசு கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் திங்கள்கிழமை டெய்லர் பக்கத்து யூனிட்டில் உட்கார்ந்திருப்பார். 10 டெய்லர், ஆளுக்கு வாரம் 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், வாரத்துக்கு 45,000. பார்ட்டி பில்லுக்கு 60 நாளில் பணம் தருகிறேன் என்கிறார், சுமார் 8 வாரம். முதல் ரூபாய் உள்ளே வருவதற்குள் சம்பளமாக மட்டும் 3,60,000 வெளியே போயிருக்கும். வாடகை, கரண்ட் பில், நூல், ஊசி, டெலிவரி வண்டி எல்லாம் இதற்கு மேல். அந்தப் பணம் உங்களுடையது என்றால் சரி. 3 வட்டிக்கு வாங்கியது என்றால் மாசம் 10,800 ரூபாய் வட்டிக்கே போகும், பீஸில் நின்ற காசு அங்கே கரைந்துவிடும். சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது: உத்யம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு வைத்திருக்கும் சிறு யூனிட்டுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஆனால் அடுத்த ஆர்டரும் அதே பார்ட்டியிடமிருந்து வர வேண்டும் என்கிறபோது எத்தனை பேர் புகார் கொடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். (உத்யம் பதிவு இலவசம், அதற்கு ஏஜென்டிடம் காசு கொடுக்காதீர்கள்.)

இப்போது சம்பளப் பக்கம். கையில் வாங்குவதை மட்டும் சம்பளம் என்று நினைத்தால் கணக்கு ஆரம்பத்திலேயே கோணலாகிவிடும். பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 15,000 என்றால் கம்பெனி பங்காக பிஎஃப்புக்கு 12 சதவீதம், 1,800 ரூபாய் போகிறது. மொத்தச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இஎஸ்ஐ உண்டு, குடும்பத்துக்கே வைத்தியம், நீங்கள் படுத்துவிட்டாலும் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். 5 வருஷம் முடித்தால் கிராஜுவிட்டி, ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். தீபாவளி போனஸ் வேறு. இதையெல்லாம் மாசக் கணக்காக்கிச் சம்பளத்தோடு கூட்டுங்கள். வருகிற தொகைதான் நீங்கள் விட்டுவிட்டுப் போகிற வேலையின் விலை, அதை உங்கள் யூனிட்டின் செலவுப் பட்டியலில் 'என் சம்பளம்' என்று முதல் வரியில் எழுதுங்கள். அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால்தான் அது லாபம். பல பேர் தங்களுக்கும், செக்கிங் டேபிளில் நிற்கிற தங்கள் மனைவிக்கும் சம்பளம் போடாமலே 'நல்லா போகுதுங்க' என்கிறார்கள். உங்கள் யூனிட்டில் ஆள் எண்ணிக்கை 10 பேரைத் தொட்டால் இஎஸ்ஐ, 20 பேரைத் தொட்டால் பிஎஃப், இந்தமுறை கட்ட வேண்டியவர் நீங்கள். ஜிஎஸ்டியில் ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது, சேவைக் கணக்கில் வரும், அதனால் பொருள் விற்பவருக்கு இருக்கிற 40 லட்சம் வரம்பு உங்களுக்கு இல்லை, வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினாலே பதிவு செய்ய வேண்டும்.

கணக்கில் வராத இன்னொன்று டெபிட் நோட். ஆல்டர் (திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்), பீஸ் ஷார்ட்டேஜ், டெலிவரி லேட் என்று பில்லில் கழிப்பார்கள். கம்பெனியில் இருக்கும்போது லைனில் தப்பு நடந்தால் திட்டு மட்டும்தான் விழும், வெளியே வந்தால் காசு போகும். ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் கழிந்தே வரும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், கழியாமல் வந்தால் சந்தோஷப்பட்டுக் கொள்ளலாம்.

ஆர்டர் யார் தருவார் என்பதை விடப் பெரிய கேள்வி, அவர் நிறுத்தினால் வேறு யார் என்பது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டதும் திருப்பூர் என்ன ஆனது என்று பார்த்தோம். ஆர்டர் குறைகிறபோது எக்ஸ்போர்ட்டர் முதலில் வெளியே கொடுக்கும் வேலையை நிறுத்தி, இருப்பதை உள்ளேயே தைத்துக்கொள்வார், அது அவர் நிலைமை. அதனால் ஒரே பார்ட்டியை நம்பி, அதுவும் இப்போது வேலை பார்க்கிற முதலாளி 'நீ வெளியே போ, வேலை நான் தர்றேன்' என்று சொன்னதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஒரு எக்ஸ்போர்ட் பார்ட்டி, ஒரு உள்நாட்டு பார்ட்டி என்று இரண்டு பேராவது இருக்கட்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, என் கட்சி அதுதான். கம்பெனிக்குள்ளேயே கான்ட்ராக்ட் எடுப்பது. மெஷின், இடம், கரண்ட் அவர்களுடையது, டெய்லர்களை நீங்கள் கொண்டுவந்து பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுக்கிறீர்கள். லாபம் குறைவுதான். ஆனால் ஆளைப் பிடித்து வைத்திருப்பது, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர் திரும்பாதது, பொங்கல் கழிந்து பாதி லைன் காலியாகக் கிடப்பது, இதெல்லாம் உங்களால் தாங்க முடிகிறதா என்று ஒரு சீசனில் தெரிந்துவிடும். தூக்கம் போகிறது, வீட்டில் எரிந்து விழுகிறீர்கள் என்றால் திரும்பிப் போய்ச் சம்பளத்துக்கு உட்காருங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, நல்ல புரொடக்‌ஷன் ஆளுக்கு இந்த ஊரில் எப்போதும் வேலை இருக்கிறது.

தனி யூனிட்தான் என்று முடிவானால், மெஷின் வாங்குவதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். மத்திய அரசின் பிஎம்இஜிபி மானியக் கடன் புது யூனிட்டுக்கு மட்டும்தான், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. மானியமும் கையில் வராது, 3 வருஷம் வங்கியிலேயே டெபாசிட்டாகக் கிடந்து பிறகுதான் கடனில் கழியும். ஆகவே அதைச் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு நம்ப வேண்டாம்.

அப்புறம் ராஜினாமாக் கடிதம். தேதியைப் பார்த்துக் கொடுங்கள். நாலே முக்கால் வருஷத்தில் இருக்கிறீர்கள் என்றால் இன்னும் மூணு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து 5 முடித்துக் கிராஜுவிட்டியோடு வாருங்கள். பிஎஃப் பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேண்டும், ஒன்பதில் இருப்பவருக்கு அவசரம் என்ன? பிஎஃப் பணத்தை எடுத்து மெஷின் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 5 வருஷம் முடியாமல் எடுத்தால் அதற்கு வருமான வரிக் கணக்கும் வரும், யூனிட் ஓடாமல் போனால் மெஷின் பாதி விலைக்குப் போகும்போது கையில் வேறு எதுவும் இருக்காது.