காருக்குத் தடை வந்தால் முதலில் உத்தரவைக் கேளுங்கள்

செட்டிநாட்டில் கார் வைத்திருப்பதை ஆடம்பரமாகக் கருதி அதன்மீது கட்டுப்பாடுகளை அடுக்குவது நியாயமல்ல. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரிய வீடுகளில் தனித்து வாழும் முதியவர்கள் மருத்துவமனைக்கும் வங்கிக்கும் காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ வந்துதான் ஆக வேண்டும். எனவே தெரு அடைக்கப்பட்டாலோ நிறுத்துமிடம் பறிக்கப்பட்டாலோ பேசாமல் இருந்துவிடக் கூடாது. ஆனால் தடுப்பருகே நிற்கும் காவலரிடம் வாதிட்டுப் பயனில்லை. உத்தரவு எங்கே என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 115ஆம் பிரிவின்படி, பொதுமக்களின் பாதுகாப்பையோ வசதியையோ, சாலையின் தன்மையையோ கருதி வாகனங்களைத் தடைசெய்ய மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அதிகாரிக்கும் உரிமை உண்டு. அத்தடை அரசிதழில் வெளியாக வேண்டும். உரிய இடங்களில் பலகையும் வைக்கப்பட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு மட்டும் அரசிதழ் தேவையில்லை, உள்ளூர் விளம்பரம் போதும். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டியில் செய்யப்படும் போக்குவரத்து மாற்றங்கள் போன்றவற்றை எதிர்க்க வேண்டியதில்லை. ஊர்க்காரர்களின் வண்டிக்கும் நோயாளிக்கும் வழி கேட்டால் போதும். தற்காலிகம் என்று வைத்த தடுப்பு மாதக்கணக்கில் அகற்றப்படாமல் நிற்பதுதான் கேள்விக்குரியது. தனியார் தம் வீட்டு முன் மாட்டும் ‘நோ பார்க்கிங்’ பலகை அரசு உத்தரவு ஆகாது. எனினும் பிறர் வாசலை மறித்து நிறுத்துவது எப்படியும் விதிமீறலே.

உத்தரவைப் பெறத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 உதவும். தடுப்பை வைத்தது மாநகராட்சியா காவல் துறையா என்று பார்த்து, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். ‘ஏன் அடைத்தீர்கள்’ என்று கேட்காமல், உத்தரவின் நகல், பிறப்பித்த அதிகாரியின் பதவி, சட்டப் பிரிவு, முடியும் நாள் ஆகியவற்றைக் கேளுங்கள். இச்சட்டம் ஆவணங்களைத் தரும், விளக்கங்களைத் தராது. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

ஆட்சேபனையைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். காரைக்குடி சிவகங்கை மாவட்டம், ராயவரம் புதுக்கோட்டை மாவட்டம் என்பதால் உங்கள் ஊர் எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மனுவில் கோபத்தைவிட மாற்று யோசனைக்கு இடம் கொடுங்கள்: சந்தை நாளில் மட்டும் அடைக்கலாம், நெரிசல் நேரத்தில் மட்டும் தடுக்கலாம், ஒரு பக்கம் மட்டும் நிறுத்த விடலாம். நம் பழைய வீடுகள் பல முகப்பை ஒரு தெருவிலும் பின்கட்டை அடுத்த தெருவிலும் கொண்டவை. ஆகவே ஒரு தெருவை அடைத்தால் கார் எடுக்கும் வழி எப்படி மறிபடுகிறது என்பதை வரைபடத்தில் காட்டி, இரு தெருவாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கடைக்காரர்களின் கையெழுத்துக்கு எடை அதிகம். ஊராட்சி என்றால் கிராம சபைத் தீர்மானமும் துணை நிற்கும்.

இதற்கிடையே அபராதம் வந்தால், எதிர்க்க நினைப்பவர் அவசரப்பட்டுக் கட்டிவிடக் கூடாது. கட்டினால் அவ்விவகாரம் முடிந்ததாகிவிடும். கேமரா வழிச் சலான் (அபராதச் சீட்டு) என்றால், மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-இன்படி 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட்டதா, படம் தெளிவாக உள்ளதா, கண்காணிப்பு எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்று சரிபாருங்கள். உத்தரவே இல்லை என்று பதில் வந்தும் தடுப்பு நீங்காவிட்டால், அப்பதிலையும் ஒப்புகைச் சீட்டையும் வழக்கறிஞரிடம் கொடுத்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு (அரசு அலுவலகத்துக்கு நீதிமன்றம் ஆணையிடக் கோரும் மனு) தாக்கல் செய்யலாம்.