ஸ்பானியத்தில் பாடும் ஒரு குரலைப் பின்தொடர்வது எப்படி

'லத்தீன் இசை' என்று தட்டித் தேடாதீர்கள். செயலி ஒரு நீளமான பட்டியலைக் கொட்டும். பெரும்பாலும் ரெகேடான் என்ற நடனப் பாட்டு, நடுநடுவே போர்த்துகீசிய மொழியில் பிரேசில் பாட்டு, கடைசியில் யாரோ ஹோட்டல் வரவேற்பறைக்கென்று வாசித்த கிதார். எல்லாம் ஓடி முடிந்தபின் ஒரு குரல்கூட மனதில் நிற்காது. ஓர் ஆளைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய ஓர் ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள். அங்கிருந்து அடுத்தவருக்குப் போகும் வழியை அந்த ஆல்பமே காட்டும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? என் சிபாரிசு, இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் வளர்ந்த ஒருவர். அந்த இசைக்குள்ளேயே பிறந்து அங்கேயே இருப்பவருக்குப் பாட்டுகள் தாமாக வந்து சேரும். வேறொரு மொழியும் வேறொரு ஊரும் கையில் இருந்தும் ஸ்பானியத்தில் பாட வருகிறவர், எதைப் பாடுவது, ஏன் பாடுவது என்று ஒவ்வொன்றையும் முடிவு செய்தாக வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த பாட்டுகளைப் பின்தொடர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எழுத்துப்பிழை திருத்துவது என் தொழில். தமிழ்ப் பாட்டு ஓடினால் அதன் வரிகள் மெய்ப்புக்குள் புகுந்துவிடும், ஆங்கிலமும் அப்படியே. ஸ்பானியம் ஒன்றுதான் வேலையைக் கெடுக்காமல் கூடவே இருந்தது. அது எனக்கு லாசா தெ சேலா வழியாக வந்தது. பெயரை முழுதாகத் தட்டித் தேடுங்கள். வெறும் லாசா என்றால் திபெத்தின் தலைநகரம்தான் வந்து நிற்கும். (அவருக்குப் பெயர் வைத்ததும் அந்த நகரத்தை நினைத்துத்தான்.) 1972இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். தந்தை மெக்ஸிகோக்காரர், தாய் அமெரிக்கர். ஒரு பழைய பள்ளிப் பேருந்தையே வீடாக்கிக்கொண்டு அமெரிக்காவுக்கும் மெக்ஸிகோவுக்கும் இடையே சுற்றிய குடும்பம். பிறகு பிரெஞ்சு பேசும் மோன்ட்ரியாலில் குடியேறி, அங்கே கிதார் கலைஞர் ஈவ் தெரோசியேயுடன் சேர்ந்து 1997இல் 'லா யொரோனா' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். முழுக்க முழுக்க ஸ்பானியம்.

இதை முதல் தடவை கேட்கும்போது எதையும் படிக்காதீர்கள். வாழ்க்கைக் கதை தெரிந்துவிட்டால் காது சோம்பேறியாகிவிடும். எல்லாச் சோகத்தையும் அந்தப் பேருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். (நானே இங்கே சொல்லிவிட்டேன், பரவாயில்லை, கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள்.) இரண்டாம் தடவை ஒவ்வொரு பாட்டின் கீழும் இருக்கும் எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைத் திறந்து பாருங்கள். செயலிகளில் 'கிரெடிட்ஸ்' என்று ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். அங்கே இல்லையென்றால் டிஸ்காக்ஸ் தளத்தில் ஆல்பத்தின் உறையே ஸ்கேன் செய்து போடப்பட்டிருக்கும். சில பாட்டுகள் லாசாவே எழுதியவை. சில பழையவை: 'லோஸ் பேசஸ்' ஸ்பானிய உலகம் முழுதும் பாடும் கிறிஸ்துமஸ் பாட்டு; 'எல் பயாந்தே' ஓர் அடிமையின் புலம்பல்; 'எல் ஆர்போல் தெல் ஒல்விதோ' அர்ஜென்டினாவின் அல்பெர்தோ ஹினஸ்தேரா இசையமைத்தது. ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பக்கமும் வழி பிரிகிறது. ஏதாவது ஒன்றில் போங்கள்.

ஆல்பத்தின் பெயரில் இருக்கும் 'லா யொரோனா' என்ற புகழ்பெற்ற நாட்டார் பாட்டு மட்டும் அதற்குள் கிடையாது. தலைப்பு, அழுதுகொண்டே திரியும் பெண் ஆவியைப் பற்றிய பழங்கதையிலிருந்து வந்தது. அந்தப் பாட்டை நீங்கள் வெளியே போய்த்தான் தேட வேண்டும், போவதில் பலன் இருக்கிறது. ஒரே பாட்டை வேறு வேறு ஆட்கள் பாடிக் கேட்பதைவிடச் சிறந்த காதுப் பயிற்சி எனக்குத் தெரியாது.

சவேலா வர்காஸிடம் தொடங்குங்கள். 1919இல் கோஸ்டா ரிகாவில் பிறந்து, பதின்ம வயதில் மெக்ஸிகோவுக்குப் போய், மெக்ஸிகோவின் குரலாகவே ஆகிப்போனவர். ரன்செரா என்ற மெக்ஸிகோ நாட்டுப்புறப் பாட்டு என்றால் எக்காளமும் வயலினுமாக மரியாச்சிக் குழு சூழ்ந்திருப்பது வழக்கம். அவர் எல்லாவற்றையும் கழித்துவிட்டுக் கிதாரை மட்டும் வைத்துக்கொண்டார். வேகத்தையும் குறைத்தார். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அவர் விடும் இடைவெளியைக் கவனியுங்கள், பாட்டு அங்கேதான் நடக்கிறது. பிறகு லீலா டவுன்ஸ் பாடியதைக் கேளுங்கள். மெக்ஸிகோ ஓவியர் ஃப்ரீடா கால்லோ பற்றி 2002இல் வந்த திரைப்படத்தின் இசைத்தொகுப்பில் இருவர் பாடியதும் இருக்கிறது. சவேலாவுடையது தனித்து நிற்கும் குரல், லீலாவுடையது மரியாச்சிக் குழுவோடு.

வரிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் குழப்பலாம். நீங்கள் தவறான பக்கத்தைத் திறக்கவில்லை. அந்தப் பாட்டுக்கு எண்ணற்ற சரணங்கள். பாடுகிறவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். கோயிலிலிருந்து வெளியே வந்தவள் அணிந்திருந்த அழகான ஹுய்பிலைப் பார்த்து மாதாவோ என்று நினைத்துவிட்டதாக ஒரு சரணம் உண்டு. ஹுய்பில் என்பது மெக்ஸிகோவின் தொல்குடிப் பெண்கள் நெய்து அணியும் மேலாடை. லீலா மேடையில் உடுத்துவதும் அதைத்தான்.

லீலாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1968இல் ஒஹாகா மாநிலத்தில் பிறந்தவர். தாய் மிஸ்டெக் இனப் பாடகி. தந்தை அமெரிக்கப் பேராசிரியர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தார். அம்மாவின் ஊரில் குடும்பத்துக் கடையில் இருந்தபோது ஒரு தந்தை வந்து, அமெரிக்க எல்லை கடக்கப்போய் இறந்த மகனின் இறப்புச் சான்றிதழை ஆங்கிலத்திலிருந்து படித்துச் சொல்லும்படி கேட்டாராம். 2001இல் அவர் வெளியிட்ட 'லா லீனேயா', அதாவது எல்லைக்கோடு, அப்படிப் போனவர்களுக்கான ஆல்பம். ஆனால் புதிதாக வருகிறவர் அதற்கு முந்தைய 'லா சந்துங்கா'வில் தொடங்குவது நல்லது. 2011இன் 'பெகாதோஸ் இ மிலாக்ரோஸ்' அவருக்குக் கிராமி வாங்கித் தந்தது. எனக்கு அதன் ஒலிப்பதிவு கொஞ்சம் மினுக்கலாகத் தோன்றும். உங்களுக்குப் பிடிக்கலாம்.

இனி உச்சரிப்பு. சேர்ந்து முணுமுணுக்காமல் ஒரு பாட்டு நமக்குள் இறங்காது. வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் படித்த நாக்கைவிட நம் எழுத்து இதற்கு நன்றாக ஒத்துழைக்கும். ஸ்பானியத்தில் ஐந்தே உயிரொலி, எங்கே வந்தாலும் ஒரே மாதிரி. எச் எழுத்து ஊமை. ஜே எழுத்தை ஹ என்று சொல்லுங்கள். இரட்டை எல் மெக்ஸிகோக்காரர் வாயில் ய. என் எழுத்தின் மேல் நெளிகோடு இருந்தால் நம் ஞ. பாட்டில் இரண்டு சொற்களின் உயிர்கள் சந்தித்தால் சேர்ந்துகொள்ளும்: 'மி அல்மா' பாடும்போது 'மியல்மா' ஆகிவிடும். உடம்படுமெய் படித்த நமக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டாம். (இப்படி எழுதிப் பழகியதில் எனக்கு ஒரு நஷ்டம்: இப்போது ஸ்பானியப் பாட்டு ஓடினாலும் மெய்ப்பு பார்க்க முடிவதில்லை.)

தாளத்துக்கு ஒரே ஒரு பயிற்சி போதும். பதினாறு எண்ணுங்கள், 1, 4, 7, 11, 13 ஆகிய எண்களில் மட்டும் மேசையைத் தட்டுங்கள். இதற்குக் கிளாவே என்று பெயர். கூபாவின் சோன் என்ற இசை வகை, அதிலிருந்து நியூயார்க்கில் வளர்ந்த சல்சா எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. சில பாட்டுகளில் பின்பாதி முன்னால் வரும். கை பழகியபின் பாட்டைப் போட்டால், வாத்தியம் எதுவும் அதைத் தட்டாதபோதும் காதில் விழும். ரன்செராவில் தேடாதீர்கள், கிடைக்காது. யொரோனாவின் நடை மும்மூன்றாகப் போவது.

பிறந்த இடத்தை வைத்து யாரையும் தள்ளிவிடவும் வேண்டாம், தூக்கிவைக்கவும் வேண்டாம். அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோலுக்கு ஸ்பானியம் தெரியாது. ஒலியை மட்டும் பாடம் செய்து 1958இல் ஒரு முழு ஆல்பம் பாடினார். உச்சரிப்பு தடுக்கும், குரல் தடுக்காது. எய்டி கோர்மே நியூயார்க்கின் பிராங்ஸில் பிறந்த யூதப் பெண். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் தங்களோடு கொண்டுபோன பழைய ஸ்பானியமான லதீனோ அவர் வீட்டு மொழி. 1964இல் லோஸ் பான்சோஸ் மூவரோடு அவர் பாடிய பொலேரோக்களை, அதாவது மெதுவான காதல் பாட்டுகளை, லத்தீன் அமெரிக்கா தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டது. சமகாலத்தில் யாராவது வேண்டுமென்றால் அனா திஹூ: சர்வாதிகாரி பினோசெயின் ஆட்சிக்குத் தப்பிய சிலி நாட்டுப் பெற்றோருக்குப் பிரான்சில் பிறந்தவர், ராப் பாடுகிறார். சல்சாவே போதும் என்பவர்களுக்கு ஜப்பானியர்களின் ஓர்கெஸ்தா தெ லா லூஸ் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

சவேலாவைப் பிடித்துப்போனவர்கள் அடுத்துப் போக வேண்டியது புய்காவிடம். பெற்றோர் ஆப்பிரிக்காவில் ஸ்பானியம் பேசும் எக்குவடோரியல் கினியாவிலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது ஸ்பெயினின் மயோர்கா தீவில். 2009இல் சவேலாவுக்குத் தொண்ணூறு ஆனதையொட்டி, சவேலா பாடிய பாட்டுகளைக் கூபாவின் பியானோ மேதை சுச்சோ வால்தேஸுடன் சேர்ந்து 'எல் உல்திமோ திராகோ' என்ற ஆல்பமாகப் பாடினார். மெக்ஸிகோவின் பாட்டு, கூபாவின் விரல்கள், தென் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ பாடும் கரகரத்த தொண்டை. இதைக் கேட்கும்முன் சவேலாவின் மூலங்களைக் கேட்டிருப்பது முக்கியம். இல்லாவிட்டால் புய்கா எங்கே எதை மாற்றினார் என்பதே பிடிபடாது.

கேட்டு முடித்ததும் செயலி 'இதுபோன்ற கலைஞர்கள்' என்று ஒரு வரிசை நீட்டும். அதை விட்டுவிட்டு, கூட வாசித்தவரின் பெயரைத் தட்டுங்கள். சுச்சோவின் தந்தை பெபோ வால்தேஸும் பியானோக்காரர். கூபாவை விட்டுப் போய்ப் பல காலம் ஸ்வீடனில் இருந்தவர். எண்பதைக் கடந்த வயதில் ஸ்பெயினின் ஜிப்ஸிப் பாடகர் தியேகோ எல் சிகாலாவுடன் அவர் செய்த 'லாக்ரிமாஸ் நேக்ராஸ்' 2003இல் வந்தது. மறுநாள் சீக்கிரம் எழ வேண்டிய ராத்திரியில் மட்டும் அதைத் தொடங்காதீர்கள்.